பழத்துக்கு ஒரு அடி

நவம்பர் 7

பீச்சாங்கையில எழுதறேன். ஆஸ்பத்திரியில கைப்பயிற்சி குடுக்கற அம்மா, தினமும் ஒரு பக்கம் எழுதுங்க, அப்பத்தான் இடது கை பழகும்னாங்க. என்ன எழுதறதுன்னு கேட்டேன். மனசுல தோணறதை எழுதுங்கன்னாங்க. ஒண்ணும் தோணல. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு.

நவம்பர் 8

பூண்டு உரிக்க முடியல.

நவம்பர் 9

பூண்டு இல்லாத ரசம். எங்கூட்டுக்காரரு நல்லா இருக்குன்னாரு. பொய்.

நவம்பர் 13

காலையில தலை பின்னி விட்டாரு. சரக்கு ஆட்டோ ஓட்டற மனுசன். லோடுக்குக் கயிறு இறுக்கற மாதிரி இறுக்கிட்டாரு, கண்ணு ரெண்டும் மேல போயிருச்சு. "ஏனுங்க, நான் என்ன சிமெண்டு மூட்டையா"ன்னேன். சிரிச்சாரு. ஆயுத பூஜைக்கு அப்புறம் அவரு சிரிச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன்.

பக்கத்து ஊட்டுக்கு வந்த ஒறம்பரை ஒரு அம்மா எட்டிப் பாத்து, என்னாச்சுன்னு கேட்டுது. நான் வாயைத் திறக்கறதுக்கு முந்தி அவரே சொன்னாரு: "கம்பெனியில பூஜை போட்டாங்க. மெஷினுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கறப்ப கை மாட்டிக்கிச்சு. சாமி காரியத்துல ஆச்சு, சாமி பாத்துக்கும்." எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்றாரு. சொல்லச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் தேவலை ஆகுது போல. சொல்லட்டும்.

நவம்பர் 14

இல்லாத விரல்ல அரிப்பு. எங்க போய்ச் சொறியறது.

நவம்பர் 20

பேபியக்கா வந்தாங்க. எனக்கு அடுத்த பிரஸ்ஸுல வேலை பாக்கறவங்க. மோட்டாருக்குள்ள வைக்கற தகடு அடிக்கற கம்பெனி எங்களுது. ஒரு ஷெட்டு, நாலு பிரஸ்ஸு, ஏழெட்டுப் பேரு. பெடலை மிதிச்சா மேல இருக்கற அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். அதுக்குப் பேரு அடி. நாளெல்லாம் அடி அடின்னு அடிச்சுட்டு ஊட்டுக்கு வந்தா காதுக்குள்ளயும் அதே சத்தம்.

அக்கா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் முதலாளி குடுத்து விட்டாருன்னு வச்சாங்க. என்ற பிரஸ்ஸுல புதுசா ஒரு பொண்ணைப் போட்டாச்சாம். "கைவேகம் உன்னளவுக்கு வராது கோகிலா"ன்னாங்க. சந்தோசப்படறதா என்னன்னு தெரியல. பேசிட்டே இருந்தவங்க என்ற கையை மட்டும் பாக்கல. முந்தானையை மேல போட்டு மூடிக்கிட்டேன், அப்பறம் ஊட்டையெல்லாம் சுத்திப் பாத்தாங்க.

டிசம்பர் 1

கம்பெனிக்குப் போனேன். நாச்சிமுத்து அண்ணன்தான் முதலாளி. லேத்துப் பட்டறையில எடுபிடியா இருந்து மேல வந்தவரு, அதனால யாரும் சாருன்னு கூப்புட மாட்டோம். உக்காரு அம்மணின்னு டீ சொன்னாரு. இந்தக் கையோட என்ன வேலை தருவீங்கண்ணான்னு கேட்டேன். "பாக்கலாம்"னாரு. நஷ்டஈடு ஏதாவது உண்டுங்களான்னு கேட்டேன். முகம் மாறிப் போச்சு.

"உதவின்னு கேளு, என்னால ஆனதைப் பண்றேன். நஷ்டஈடுன்னா அது வேலையில ஆனதுக்கு அம்மணி. இது சாமி கும்பிடறப்ப ஆனது. உனக்கே தெரியும்."

ஆமாங்கண்ணான்னு சொல்லிட்டு வந்துட்டேன். டீயைப் பாதியில வச்சுட்டேன்னு பஸ்ஸுல வரப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

டிசம்பர் 3

திருப்பூர்ல கட்டிக் குடுத்த மகள் செண்பகம் போன்ல கத்துனா. "உனக்கு மானம் ரோசம் இருக்காம்மா? லேபர் ஆபீசுல கேஸ் போடு." அவ கத்துனது போனை ரெண்டு அடி தள்ளி வச்சாலும் கேட்டுது. மானம் இருக்கான்னு யோசிச்சுப் பாத்தேன். சோறு வெந்துருச்சான்னு பாக்கப் போயிட்டேன்.

டிசம்பர் 15

வக்கீல் எஸ்தர் மேடம் ஆபீஸ். லேபர் ஆபீசுக்கு எதிர் சந்து, மாடி. வயசு என்ற மகளை விட அஞ்சாறு கூட இருக்கும். சேரை இழுத்துப் போட்டுட்டு, "எனக்கு உங்க பூஜை முறையெல்லாம் தெரியாதும்மா. சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க"ன்னாங்க.

சொன்னேன். மொத நாளே மெஷினெல்லாம் கழுவித் தொடச்சோம். கழட்ட முடியறதையெல்லாம் கழட்டி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, சாமி படத்துக்கு முன்னால அடுக்கினோம். மறுநாள் காலையில பட்டுச் சேலை கட்டிட்டு எல்லாரும் வந்தோம். பொரி, சுண்டல், பொங்கல். வாசல்ல பூசணிக்காய் உடைச்சாச்சு. கடைசியா ஒவ்வொரு பிரஸ்ஸுலயும் எலுமிச்சம்பழம் வச்சு ஒரு அடி அடிப்போம். எப்பவும் அதை ஓட்டறவங்கதான் அடிக்கோணும். என்ற பிரஸ்ஸுல நான் அடிச்சேன். பழம் சப்பையாப் போச்சு. சாறு தெறிச்சதைத் துணியில தொடச்சேன், இல்லாட்டி அச்சு துருப்பிடிச்சுரும். அப்பறம்தான் இப்படி ஆச்சு.

மேடம் எழுதிக்கிட்டாங்க. கேஸுல ரெண்டே கேள்விதானாம். வேலை நேரத்துல நடந்துச்சா, வேலையினால நடந்துச்சா. ரெண்டும் நாமதான் நிரூபிக்கோணுமாம். விரல் போனதை நிரூபிக்க வேண்டியதில்லை, அது பாத்தாலே தெரியுதுன்னு நான் சொன்னேன். அவங்க சிரிக்கல.

ஜனவரி 17

பொங்கல் முடிஞ்சுது. எதுத்த ஊட்டுல சின்னப் பொண்ணு பெரியவளானதுக்குச் சீரு. தட்டுல இருந்த குங்குமத்தை எடுத்துப் பொண்ணுக்கு வைக்கப் போனேன், பீச்சாங்கைதான நீண்டுச்சு. அந்தம்மா தட்டை லேசா நகர்த்தி, "நீ உக்காரு கண்ணு, சாப்பிட்டுட்டுப் போவியாம்"னாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லல. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஊட்டுக்கு வந்து நாலு நாள் துணியையும் மடிச்சு வச்சேன்.

பிப்ரவரி 9

கம்பெனி வக்கீல் பதில் போட்டிருக்காரு. மேடம் படிச்சுக் காட்டுனாங்க. அன்னிக்கு விடுமுறை. மனுதாரர் வேலைக்கு வரவில்லை, வழிபாட்டுக்கு வந்தவர். பட்டுச் சேலை அணிந்திருந்தார். வருகை பதியவில்லை. பழம் நசுக்குவது உற்பத்தி அல்ல. ஆஸ்பத்திரியில் அவரே "சாமி கும்பிடும்போது ஆனது" என்று சொல்லியிருக்கிறார்.

எல்லாம் சரியாத்தான இருக்குன்னு தோணுச்சு. மேடம் மொகத்தைப் பாத்தேன், அவங்களுக்கும் அப்படித்தான் தோணுது போல.

ஆயுத பூஜை அன்னிக்கு சாமிகிட்ட வச்ச கருவியைத் தொடக் கூடாது, வேலை செய்யக் கூடாது. சின்ன வயசுல அன்னிக்கு ஒரு நாள் புஸ்தகத்தைத் தொடாம இருக்கறதுல எங்களுக்கு அத்தனை குஷி. அதெல்லாம் மேடத்துக்குச் சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியல.

பிப்ரவரி 21

மேடம் திரும்பவும் வரச் சொன்னாங்க. மேஜை மேல ஒரு டப்பாவை வச்சு, இதுதான் பிரஸ், பழத்தை எப்படி வைப்பீங்கன்னு காட்டுங்கன்னாங்க. காட்டுனேன்.

"பழத்தைக் கையில பிடிச்சுக்கிட்டே அடிப்பீங்களா?"

"ஐயையோ, இல்லீங்க. வச்சுட்டுக் கையை எடுத்துட்டுத்தான் மிதிப்போம்."

"சாறைத் தொடச்சது பழம் நசுங்கின பிறகுதானே?"

"ஆமாங்க."

"தொடச்சப்ப கை போகலை?"

"இல்லீங்க, அப்ப பெடல்ல கால் வைக்க மாட்டேனுங்க."

"அப்ப கை எப்பம்மா உள்ள போச்சு?"

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டேன். காந்திபுரத்துல எங்க பஸ் வரிசையா நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணுலயும் ஏறல. அப்பறம் ஏறினேன்.

பிப்ரவரி 22

துணி துவைச்சேன். பாதி.

பிப்ரவரி 23

மீதி.

மார்ச் 4

பேபியக்கா ஊட்டுக்கு நானே போனேன். மத்தவங்க எல்லாம் கிளம்பின பிறகும் அன்னிக்கு ஷெட்டுல இருந்தது அண்ணனும் நானும் அவங்களும்தான். மூலையில உக்காந்து மிச்சப் பொரியைக் கவர்ல போட்டுக் கட்டிக்கிட்டு இருந்தாங்க.

சாட்சி சொல்ல வருவீங்களான்னு கேக்கல. கேட்டா அவங்களுக்குச் சங்கடம். சும்மா, "அக்கா, அன்னிக்கு நீங்க பாத்தீங்கல்ல"ன்னேன்.

"நான் பொரி கட்டிட்டு இருந்தேன் கோகிலா. குனிஞ்ச தலை நிமிரல." அவங்க கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. "எனக்கு வேற எங்க வேலை குடுப்பாங்க சொல்லு. இந்த வயசுல."

எனக்குக் கோவம் வரல. வந்தா நல்லா இருக்கும். ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக் கையை மரத்துப் போக வச்சாங்களே, அந்த மருந்து இன்னும் இறங்கலையோ என்னமோ. அக்கா குடுத்த காப்பி ஆறிப் போச்சு. அதையும் குடிச்சுட்டு வந்தேன்.

மார்ச் 12, ஞாயிறு

சொல்லிட்டேன்.

அவரு தலை பின்னிக்கிட்டு இருந்தாரு. மொகத்தைப் பாத்துச் சொல்ல முடியாதுங்கறதனால அந்த நேரத்துலயே சொன்னேன். இங்கயும் எழுதி வச்சர்றேன், அப்பறம் கை வராது.

பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, எல்லாரும் பொரிப்பை வாங்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அண்ணன் என்கிட்ட வந்தாரு. பெருந்துறைக்குப் போக வேண்டிய லோடு, வண்டி வந்து வாசல்ல நிக்குது, கொஞ்சம் பீஸ் குறையுது. "ஒரு அரை மணி நேரம் அடிச்சுக் குடுத்துட்டுப் போயிரு அம்மணி. உன் கைவேகம்தான் எனக்குத் தெரியுமே." பூஜை போட்ட மெஷினுங்களேண்ணான்னேன். "பழந்தான் நசுக்கியாச்சே, மெஷினு ஓடிருச்சு, இனி ஓடுனா என்ன"ன்னாரு. அவருக்கும் மனசில்லை, மொகத்துல தெரிஞ்சுது. செருப்பைக் கழட்டிட்டு உக்காந்து அடிச்சேன். பிரஸ்ஸுக்கு முன்னால கை உள்ள போகாம ஒரு கம்பிக் கூண்டு மாட்டுவோம், கார்டுன்னு சொல்லுவோம். அது அங்க இல்ல. மொத நாளே கழட்டித் தேச்சுச் சந்தனப் பொட்டு வச்சு சாமி முன்னால வச்சுட்டோம். அதை மறுநாள் மறுபூஜை பண்ணித்தான் எடுக்கோணும். எடுத்து மாட்டலாமான்னு அவருக்கும் தோணல, எனக்கும் தோணல. சாமிகிட்ட வச்சதை யாரு தொடுவா.

ஒரு மிதிக்கு பிரஸ்ஸு ரெண்டு தடவை இறங்குச்சு. பீஸை எடுக்கக் கை உள்ள போயிருந்துச்சு. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி போற வழியில கார்ல அண்ணன் அழுதுட்டே, "பூஜை நாள்ல வேலை வாங்கினேன்னு சொல்லாத அம்மணி"ன்னாரு. அவரு கேக்காம இருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். பூஜை நாள்ல மெஷினைத் தொட்டேன், கை போச்சு. இதை யாருகிட்டப் போய்ச் சொல்றது. சாமி அந்த எடத்துலயே கணக்குத் தீத்துருச்சுன்னுதான் இத்தனை நாளும் இருக்கேன்.

இதெல்லாம் சொல்லி முடிக்கறப்ப அவரு கை நின்னு போச்சு. அப்பறம் பின்னினாரு. கடைசி வரைக்கும் பின்னி, ரப்பர் போட்டு விட்டுட்டு வெளிய போனாரு.

மார்ச் 13

பேசல.

மார்ச் 14

பேசல. தலை நானே வாரிக்கிட்டேன், பின்னாம.

மார்ச் 16

மருதமலைக்குப் போயிட்டு வந்தாரு, தனியா. திருநீறு கொண்டு வந்து வச்சுவிட்டாரு. "அங்க போயி நின்னேன். கேக்கறதுக்கு எதுவுமே தோணல"ன்னாரு. சட்டையைக் கழட்டி மாட்டிட்டு, "நான்பாட்டுக்கு ஊரெல்லாம் சாமி காரியம் சாமி காரியம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா கோகிலா"ன்னாரு.

"நீங்க சொல்றப்ப எனக்கும் கேக்க நல்லா இருந்துச்சுங்க."

"உக்காந்து ஓட்டச் சொன்னவன் கை நல்லாத்தான இருக்கு? சாமி கணக்குத் தீக்கறதுன்னா அங்கல்ல போயிருக்கோணும்."

சீப்பை எடுத்துட்டு வரச் சொன்னாரு.

மார்ச் 20

மேடத்துகிட்ட முழுசாச் சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு பாத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டு, "ஏம்மா, அந்தக் கார்டைச் சாமிகிட்டயா வச்சீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. ஆமாங்கன்னேன். திரும்பவும் கேட்டாங்க. திரும்பவும் ஆமாங்கன்னேன்.

ஏப்ரல் 5

என்னைக் குறுக்கு விசாரணை பண்ணினாங்க. லேபர் ஆபீசுல ஒரு ரூம், நடுவுல அதிகாரி, ரெண்டு பக்கமும் மேஜை. நான் சினிமாவுல வர்ற மாதிரி கூண்டு இருக்கும்னு நெனச்சுட்டுப் போனேன். பிளாஸ்டிக் சேரு போட்டிருந்தாங்க. கம்பெனி வக்கீல் வயசானவரு, மரியாதையாத்தான் பேசுனாரு. நாச்சிமுத்து அண்ணன் அவரு பின்னால உக்காந்து தரையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"ஆஸ்பத்திரியில சாமி கும்பிடும்போது ஆச்சுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அது பொய்யா?"

"கும்பிட்டதும் நெசந்தானுங்க. ஓட்டுனதும் நெசந்தானுங்க."

"ஆயுத பூஜை அன்னைக்கு வேலை செய்யக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் செஞ்சேன்னு சொல்றீங்க. நம்பற மாதிரி இருக்கா? எலுமிச்சம்பழம் நசுக்கும்போதுதானம்மா விரல் போச்சு?"

பின்னால எங்கூட்டுக்காரரு தொண்டையைச் செருமுற சத்தம் கேட்டுது.

"இல்லீங்க. பழம் மொத அடியிலயே நசுங்கிப் போச்சுங்க. பழத்துக்கு ஒரு அடி போதுமுங்க. அதுக்கு மேல அடிச்சதெல்லாம் பீஸுக்கு அடிச்சதுங்க."

அதிகாரி நிமிந்து பாத்துட்டு எழுதினாரு. வக்கீல் சாட்சி இருக்கான்னு கேட்டாரு. "அண்ணனைத்தான் கேக்கோணுமுங்க"ன்னேன். அண்ணன் நிமிரல.

வெளிய வந்து தண்ணி குடிச்சேன். தாகம் அடங்கவே இல்ல.

மே 11

வெயில். தக்காளி அரிவாமனையில நறுக்கப் பழகிட்டேன். எழுத்தும் பரவால்ல, கோழி இல்ல, இப்பக் குஞ்சு கிளறின அளவுக்குத்தான் இருக்கு.

ஜூன் 21

இன்னிக்கு அண்ணன் முறை. திருநீறு பட்டையா வச்சுட்டு வந்திருந்தாரு. மேடம் எந்திரிச்சு, ரொம்ப மெதுவா ஆரம்பிச்சாங்க. கேஸைப் பத்தியே கேக்கல. பூஜையைப் பத்திக் கேட்டாங்க.

"பூஜையில என்னென்ன வச்சீங்க சார்?"

அண்ணன் மொகம் கொஞ்சம் தெளிஞ்சுது. பூஜையை நல்லா நடத்தறவரு, அதுல அவருக்குப் பெருமை. "ஸ்பேனர் செட்டு, அளவு பாக்கற சாமானெல்லாம், மாத்து அச்சு, சுத்தி, கார்டு."

"கார்டுமா?"

"அதுவும் ஆயுதந்தானுங்க மேடம். வருசம் பூரா நம்ம கையைக் காப்பாத்தறது. அதை எப்படி விடறது."

"எப்ப திரும்ப எடுத்தீங்க?"

"மறுநாள் மறுபூஜை பண்ணிட்டுத்தானுங்க. நடுவுல தொடவே கூடாது. நம்ம கம்பெனியில அந்த முறை தப்பாது."

அவங்க வக்கீல் இருமுனாரு. அண்ணனுக்கு வெளங்கல.

"அப்ப கோகிலவாணி கை போகும்போது கார்டு எங்க இருந்துச்சு?"

"சாமிகிட்டத்தானுங்க."

"சாமிகிட்ட வச்ச கார்டைத் தொடக் கூடாது. பூஜை போட்டுப் பொட்டு வச்ச பிரஸ்ஸை மட்டும் ஓட்டலாமா?"

வக்கீல் எந்திரிச்சு ஆட்சேபணைன்னு ஏதோ சொன்னாரு. அண்ணன் அவரைப் பாக்கல. அத்தனை நேரமும் பாக்காதவரு இப்ப என்னைப் பாத்தாரு. ஷெட்டுல எதுத்தாப்புல நிக்கற மாதிரி என்கிட்டயே பேசுனாரு.

"வண்டி வந்து நின்னுருச்சே அம்மணி. நான் என்ன பண்ணட்டும்?"

அதிகாரி மட்டும் எழுதிக்கிட்டு இருந்தாரு.

அண்ணனுக்கு நான் தலையாட்டுனேன்னு நெனைக்கறேன். பழக்கம். அவரு கேட்டா நான் தலையாட்டித்தான் பழக்கம்.

ஜூன் 22

பூண்டு உரிச்சேன். கட்டை விரல்லயும் பல்லுலயும்.

ஆகஸ்ட் 18

ஆர்டர் இன்னும் வரல.

செப்டம்பர் 15

வந்துருச்சு. மேடம் ஒரு வரியை மட்டும் ரெண்டு தடவை படிச்சாங்க. "வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் ஏற்பட்ட காயமே ஆகும்." கம்பெனிதான் பொறுப்பு. அப்பீல் போனாலும் மொதல்ல பணத்தைக் கட்டிட்டுத்தான் போகோணுமாம்.

மேடம் என்ற பீச்சாங்கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொன்னாங்க. எங்கூட்டுக்காரரு கண்ணைத் தொடச்சாரு. நான் அவங்க ஆபீஸ் காலண்டரைப் பாத்துட்டு இருந்தேன். ஆட்டுக்குட்டியைத் தோள்ல தூக்கிட்டு ஏசு நிக்கற படம்.

கீழ பேக்கரியில டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் குடுத்தாரு. பீச்சாங்கையில சாப்புட்டேன், யாரும் பாக்கல. "சந்தோசமா கோகிலா"ன்னாரு. ஆமாங்கன்னேன். ஆர்டர்ல வேலையினாலன்னு போட்டுட்டாங்க. என்ற மனசுக்குள்ள சாமி இன்னும் அதுல கையெழுத்துப் போடாம வச்சுக்கிட்டு இருக்குது. இதை அவருகிட்ட சொல்லல.

அக்டோபர் 20

கடைவீதியெல்லாம் பொரி மூட்டை. வாழைக்கன்னு. ரோட்டைக் கடந்து அந்தப் பக்கமாப் போனேன்.

அக்டோபர் 23, ஆயுத பூஜை

காலையில எங்கூட்டுக்காரரு ஆட்டோவைக் கழுவி மாலை போட்டாரு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கறப்ப என்னை உள்ள போயிருன்னாரு. போனேன். அப்பறம் சாமி படத்துக்கு முன்னால அவரு ஸ்பேனரு, ஜாக்கி, வண்டிச் சாவி எல்லாம் அடுக்கினாரு. "உன்னுது எதை வைக்கறது"ன்னாரு. எப்பவும் என்னுது கம்பெனியில இருக்கும், ஊட்டுல வச்சதில்ல. தேடிட்டு இந்த நோட்டையும் பேனாவையும் எடுத்தாரு. அட்டையில சந்தனம் தடவி, நடுவுல குங்குமம் வச்சாரு. "நாளைக்கு வரைக்கும் தொடாத"ன்னாரு.

மத்தியானம் பேபியக்கா பொரி கொண்டு வந்தாங்க. வாசப்படியிலயே நின்னாங்க, நான்தான் உள்ள இழுத்தேன். அண்ணன் இந்த வருசம் கார்டைக் கழட்டவே விடலையாம். பிரஸ்ஸோட சேத்து வெல்டு வச்சுட்டாராம். மாட்டுன எடத்துலயே பொட்டு வச்சாங்களாம். பழம் கூட நசுக்கலையாம். சொல்லிட்டு அக்கா அழுதாங்க. என்ற கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. மொத தடவையாப் பாத்தாங்க, ஒவ்வொரு விரலாப் பாத்தாங்க. நான் மூடல. கார்டு ஒண்ணு மாட்டியிருந்தா போதும்ல கோகிலா, அவ்வளவுதான, அவ்வளவுதானன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

அவங்க போனாங்க. அவரு ஆட்டோ ஸ்டாண்டு பூஜைக்குப் போயிட்டாரு. ஊட்டுல நானும் சாமியும்தான். வெயில் நல்லா அடிக்குது. ரொம்ப நேரம் படத்துக்கு முன்னால உக்காந்திருந்தேன். பயமா இருந்துச்சு, பச்சையாச் சொல்றேன்.

அப்பறம் நோட்டை எடுத்தேன்.

எடுத்து எழுதிக்கிட்டு இருக்கேன். சாமிகிட்ட வச்சதைத் தொடக் கூடாத நாள்ல தொட்டு, செய்யக் கூடாத வேலையைச் செய்யறேன். அன்னிக்குச் செஞ்ச அதே தப்பு. வேணும்னேதான். சந்தனம் ஈரம் காயல, உள்ளங்கையில ஒட்டுது. ஒவ்வொரு வரி முடிஞ்சும் நிறுத்திக் கையைப் பாக்கறேன். மின்விசிறி சுத்துது. வெளக்கு எரியுது. சாமி படத்துல அதே சிரிப்புத்தான்.

ஒரு பக்கம் முடிஞ்சுருச்சு. இந்தக் கையில விரலெல்லாம் இருக்கு.

அப்ப அன்னிக்கு விரலை எடுத்தது பிரஸ்ஸுதான். கார்டு இல்லாத பிரஸ்ஸு. சாமி இல்ல.

இத்தனை மாசமா வராத அழுகை இப்ப வருது. மூக்கைச் சிந்த முந்தானையைத் தேடறேன். எழுத்தெல்லாம் ஈரமாகுது, ஆகட்டும். ஆட்டோ சத்தம் கேக்குது, அவரு வந்துட்டாரு. நோட்டைத் திருப்பி வைக்கப் போறதில்ல. கையில வச்சுக்கிட்டே போய்க் கதவைத் தொறக்கறேன்.